மூன்றாம் பெட்டியில் கை தூக்கியவர்கள்

தம்பி, நேற்று நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வேலைகளையெல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில், "சுதாவுக்கு என்னப்பா, ரெண்டு வருசந்தானே, அகல ரயில் வந்ததும் மறுபடி வேலைக்குப் போகட்டும், அதுவரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் பேச்சில் வாதாட வராது என்பது உனக்குத் தெரியும். பத்திரிகை நிருபனாக வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதைக் குறித்துக்கொண்டே பழகியவன். அகலப் பாதை போடுவதற்காக இந்த மாதக் கடைசியோடு போடி லைனில் வண்டி நிற்கிறது. தை பிறந்ததும் நீ மாப்பிள்ளையாக புனேயிலிருந்து வந்து இறங்குவாய். அதற்குள் உன் தங்கைக்கு இங்கே என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அந்த ரெண்டு வருசத்தை நீ அவள் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.

நீ இன்ஜினியரிங் சேர்ந்து வீட்டைவிட்டுப் போனதுவரைக்கும் சுதாவுக்குக் கால் உன் சைக்கிள்தான். இளம்பிள்ளை வாதம் ஒரு காலை முழுக்கவும் மற்றதைப் பாதியும் எடுத்துக்கொண்ட பிறகு, பள்ளிக்கூடம், கோயில், டைப்ரைட்டிங் என்று எல்லா இடத்துக்கும் உன் கேரியரில் உட்கார்ந்துதான் போனாள். நீ போன பிறகு அவள் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கவும் பக்கம் கட்டவும் கற்றுக்கொண்டதும், மதுரையில் ரயிலடிக்கு எதிர்ச் சந்தில் துளசிராம் நடத்தும் டிடிபி சென்டரில் வேலை கிடைத்ததும் உனக்குத் தெரியும். அந்த வேலைக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது தெரியாது. முதலில் நான் பஸ்ஸில்தான் கூட்டிப்போகப் பார்த்தேன். காலை நேரத்து உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டை நினைத்துப் பார். கண்டக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. "சார், தப்பா எடுத்துக்கிறாதீங்க, அடுத்த வண்டி காலியா வரும், அதுல ஏத்திக்கங்க" என்பார்கள். அடுத்த வண்டிக்காரரும் அதே மரியாதையோடு அதையே சொல்வார். ஒருநாள் ஏறிவிட்டோம். செக்கானூரணி தாண்டி ஒரு பிரேக்கில் கூட்டம் அவள் மேல் சரிந்து, காலில் மாட்டியிருக்கும் காலிப்பரின் கம்பி தொடையில் ஏறிவிட்டது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாதான் அழுதாள். இனி வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு காலை எங்கள் இருவரிடமும் சொல்லாமல் சுதா ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். நம்மூர் பிளாட்பாரம் தாழ்வு என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வண்டியின் முதல் படி நல்ல கால் உள்ளவர்களுக்கே எட்டித்தான் மிதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஊன்றுகோலோடு மூன்றாம் பெட்டிக்கு எதிரே நின்றிருக்கிறாள். அந்தப் பெட்டி சீசன் டிக்கெட்காரர்களின் பெட்டி. அதற்கு ஒரு தலைவர் உண்டென்றால் அது தவமணி. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வாய் ஓயாதவர். "என்ன தாயி, ஏறப் போறியா, யாரையும் வழியனுப்ப வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். "ஏறணும்ண்ணே. தூக்கியெல்லாம் விட வேணாம். மிதிக்க ஒண்ணு இருந்தாப் போதும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒருவருடைய தகரப் பெட்டியைக் கீழே வைத்து அன்றைக்கு ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் கழித்துப்போட்ட பழைய தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை ஒன்று பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்கண்ணே, நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்" என்றார் தவமணி. ஓட்டுநர்கள் மாறும்போதெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டார்கள். மூன்றாம் பெட்டியின் கதவு அந்தக் கட்டைக்கு நேராக வந்து நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டால் பெட்டிக்குள்ளிருந்து யாராவது, "டிரைவர் சாருக்கு இன்னைக்கு வீட்டுல சண்டை போல" என்பார்கள். வண்டி மெதுவாக நகர்ந்து கதவைக் கட்டைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். மதுரையில் பிளாட்பாரம் உயரம், சிரமம் இல்லை. இப்படித்தான் இத்தனை வருசமும் அவள் யார் தோளிலும் ஏறாமல் வேலைக்குப் போய் வந்தாள். துளசிராம் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் போய், அவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிராவில் நாலு வார்த்தைகூடக் கற்றுக்கொண்டாள். அவளைக் கூட்டிப்போக, கூட்டிவர என்று நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. உன் தங்கைக்குக் கிடைத்த சுதந்திரம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வண்டி.

இனி அந்த வண்டி எப்படி நிற்கப்போகிறது என்பதைச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மெயின் லைன் அகலப் பாதையாகிவிட்டது. பிறகு ஒவ்வொரு திசையாக மாறி, கடைசியில் போடி லைன் மட்டும் பழைய குறுகலான தண்டவாளத்தோடு மிச்சமிருந்தது. மதுரையில் ஒரு ஓரத்துப் பிளாட்பாரத்தில் தொடங்கி மலையடிவாரத்தில் முடியும். வேறெந்தப் பாதையோடும் சேராது. நம் பக்கத்துச் சரக்கெல்லாம் லாரிக்குப் போனது. சென்னைக்குப் போக வேண்டியவர்கள் ரயிலை மறந்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தார்கள். அதை மறுபடி நாட்டோடு இணைக்க வேண்டும், அகலப் பாதை போட வேண்டும் என்று பயணிகள் சங்கம் எத்தனை மனு கொடுத்தது, எத்தனை உண்ணாவிரதம் இருந்தது என்பதை நான்தான் எழுதினேன். அந்த வருசங்களில் நான் அனுப்பிய செய்திகளில் பாதி 'கோரிக்கை விடுத்துள்ளனர்' என்றுதான் முடியும். அது நியாயமான கோரிக்கை. இன்றைக்குக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வேன்.

கடைசியில் வேலை நடக்கும் என்று உறுதியான பிறகு சங்கத்துக்காரர்கள் ஒரு அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் பேச்சோடு பேச்சாக, மலைப்பக்கத்திலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு வரலாம், அதுவரை உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் பழைய வண்டி ஓடும், ஆனால் வேலை இழுக்கும் என்றார். இல்லையென்றால் மொத்தப் பாதையையும் ஒரே நாளில் மூடிவிட்டால் வேலை வேகமாக நடக்கும், பயணிகள் எதை விரும்புகிறீர்கள் என்று எழுதிக்கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். அவர்கள் எழுதிக்கொடுத்ததால்தான் இந்த முடிவா, எழுதாவிட்டாலும் இதேதானா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தும் தெரியவில்லை. எழுதிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் தெரியும். எதை எழுதிக்கொடுப்பது என்று பயணிகள் முடிவெடுத்த இடத்தில் நான் இருந்தேன்.

இந்த ஆயுத பூசைக்கு மூன்றாம் பெட்டிக்காரர்கள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வருசா வருசம் செய்வதுதான். இன்ஜின் முகப்பில் வாழைக்கன்று, பெட்டி முழுக்கக் கலர்த் தாள், ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். உசிலம்பட்டியில் பூசணிக்காய் உடைத்துக் கிளம்பியதும் பொரியும் கடலையும் மடியில் வந்து விழும். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். "மாப்ள, அகல ரயில் வந்தா ஒன் வயித்துக்கும் எடம் கெடைக்கும்டா" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள். யுத்த காலத்தில் இரும்பு வேண்டுமென்று இதே லைனின் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டு, பிறகு திரும்பக் கொண்டுவந்து போட்ட கதையை ஒருவர் சொன்னார். வெள்ளைக்காரன் பிடுங்கியதே திரும்பி வந்தது, இது வராதா என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். திரும்பி வருவதற்குப் பத்து வருசத்துக்கு மேலானது என்பதை யாரும் சொல்லவில்லை. பிறகு தவமணி எழுந்து, அதிகாரி கேட்ட கேள்வியையும், இந்தப் பெட்டி சொல்வதையே சங்கம் எழுதிக்கொடுக்கும் என்பதையும் சொல்லி, என்னை விளக்கச் சொன்னார். நான் விளக்கினேன். இதில் இது லாபம், அதில் அது சிரமம் என்று ஒரு பக்கமும் சாயாமல் சொன்னேன். வண்டி மொத்தமாக நின்றால் தினமும் போகிறவர்கள் பஸ்ஸுக்கு மாற வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அப்போது அதே பெட்டியில் உட்கார்ந்திருந்த சுதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தவமணி. யாரும் தூக்கவில்லை. அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து சுதா கை தூக்கினாள். ஊன்றுகோலை மடியில் கிடத்திவிட்டு, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல நேராகத் தூக்கினாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பார்த்து அவளுக்கு எதிர் சீட்டுக்காரர் தூக்கினார். பிறகு பெட்டி முழுக்க எழும்பியது. கை தட்டினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் மட்டும் தட்டாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த வாரமே மனு போய்விட்டது.

அன்று மாலை வீட்டில் உன் அம்மா அவளிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. சுதா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பெட்டியில எல்லாரும் என்னையத்தாம்ப்பா பாத்தாங்க. இந்தப் புள்ளைக்காக நம்ம பொறுத்துக்கிருவோம்னு ஒவ்வொருத்தர் மொகத்துலயும் எழுதியிருக்கு. இத்தனை வருசம் எனக்காக வண்டிய நிறுத்தி ஏத்துனவங்க. இன்னும் என் ஒருத்திக்காக அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கணுமா?" சாப்பிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கடைவீதியில் தவமணியைப் பார்த்தேன். எப்போதும் தூரத்திலிருந்தே சத்தம் கொடுப்பவர், அன்றைக்குப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் விஷயத்தைச் சொன்னார்: பூசைக்கு முந்தின நாளே, சுதா இல்லாத நேரம் பார்த்து, பெட்டிக்காரர்கள் ஆண்கள் பெண்கள் எல்லோரும் கூடி ஒன்று பேசி வைத்திருக்கிறார்கள். மூடினால் அதிகம் அடிபடப்போவது சுதாதான். அதனால் அவள் என்ன நினைக்கிறாளோ அதுவே பெட்டியின் முடிவு, யாரும் முந்திக்கொண்டு கை தூக்கக்கூடாது, அவளை வாய்விட்டுக் கேட்டுச் சங்கடப்படுத்தவும் கூடாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் புள்ள கையைக் கீழ வச்சிருந்தா நாங்க ஒரு ஆளு தூக்கியிருக்க மாட்டோம்ண்ணே. எங்களுக்கு என்ன அவசரம்? பொறந்ததுல இருந்து இந்த வண்டியிலதான போறோம். அது ஆசைப்படுதேன்னுதாண்ணே தூக்குனோம்." நான் சுதா சொன்னதை அவரிடம் சொன்னேன். டீ ஆறும்வரை கிளாஸைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் போய்விட்டார்.

இவ்வளவுதான் நடந்தது, தம்பி. அந்தப் பெட்டியில் ஒருவர்கூட அந்த வண்டி நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக விட்டுக்கொடுத்தார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள், கத்தியிருப்பார்கள், உண்மை வெளியே வந்திருக்கும். நம் ஆட்களுக்கு அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு மரியாதை. உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் உங்கள் இருவரையும் விட்டுக்கொடுத்து வாழச் சொல்வார்கள். கேட்டுக்கொள். ஆனால் உன் அப்பன் சொல்வது வேறு. விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் உனக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து சொல். அவளுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதே. அன்பு இருந்தால் போதும், தானாகப் புரியும் என்று நானும் நம்பியிருந்தேன். மூன்றாம் பெட்டியில் இருந்த அன்புக்குக் குறைவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதே. சங்கத்துச் செயலாளரிடம் போனேன். கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கினால், இவர்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று மொத்த வேலையையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்த அதிகாரி இதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். கடைசியாக, இதை ஒரு செய்தியாக எழுதுகிறேன் என்று சுதாவிடம் கேட்டேன். "எழுதுங்க. என் பேரும் காலும் அதுல வரக்கூடாது" என்றாள். அவள் பேரும் காலும் இல்லாமல் அதில் செய்தி என்று ஒன்றும் இல்லை. எழுதவில்லை.

இப்போது அந்த ரெண்டு வருசத்துக்கு வருகிறேன். பாதை மாற்ற வேலைகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பழைய தண்டவாளத்தைப் பெயர்ப்பது மட்டும் மடமடவென்று நடக்கும். அது விலைபோகிற இரும்பு. அதற்குப் பிறகு தண்டவாளம் கிடந்த மண்கரை வெறுமையாகக் கிடக்கும். முள் மண்டும், ஆடு மேயும், நாலு பேர் குடிசை போடுவார்கள். பட்ஜெட் வரும்போதெல்லாம் பேருக்கு ஏதோ ஒதுக்கியிருப்பார்கள். என்னைப் போன்றவர்கள் 'கோரிக்கை விடுத்துள்ளனர்' என்று மறுபடி எழுத ஆரம்பிப்பார்கள். இது பல ஊர்களை இணைத்துப் போகிற பெரிய பாதையும் இல்லை, மலையில் போய் முட்டி நிற்கிற ஒரு கிளை. வராது என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் வரும். அன்றைக்கு நம் ஊர்க்காரர்கள் பூசணிக்காய் உடைத்து வரவேற்பார்கள். ஆனால் சுதாவுக்கு வேலை செய்கிற வயது இது. அது பாதை வரும்வரை காத்திருக்காது. ரெண்டு வருசம் என்று சொல்கிற எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். இந்த வேலைகளைப் பற்றி நான் எழுதிய செய்திகளையெல்லாம் துளசிராம் கடையில் வைத்து டைப் அடித்துக் கொடுத்தவள் அவள். என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வேறு வழிகளையும் பார்த்துவிட்டோம். மதுரையில் விடுதிகளுக்கு ஏறி இறங்கினேன், எல்லாம் மாடி. மாடி இல்லாத ஒன்றில், பொறுப்பு எடுத்துக்கொள்ள முடியாது சார் என்றார்கள். ஒத்தக்கடையில் உன் வருங்கால மாமனார், எங்கள் வீட்டில் தங்கட்டுமே என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையின் தங்கை போய்த் தங்குவதை உன் அம்மா ஏற்கமாட்டாள். ஏற்றாலும் அங்கிருந்து ரயிலடிக்கு அதே பஸ்தான். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கி வைக்கலாம் என்று நீ சொன்னாய். மின்சாரம் எந்த நேரத்தில் போகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று உனக்கு இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். நம்மூரில் யார் கல்யாணப் பத்திரிகை அடிக்க வீடு தேடி வருவார்கள்? துளசிராம் நல்ல மனிதர். இருந்தாலும் கடை நடக்க வேண்டுமே. புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது யார் என்று நினைக்கிறாய்? சுதாதான். எந்த எழுத்துருவில் எந்தக் கொம்பு உடையும், பெண் வீட்டார் பெயர்களை எந்த வரிசையில் போட்டால் சண்டை வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முதல் பாடமே உன் கல்யாணப் பத்திரிகைதான். நல்லா கத்துக்குது அப்பா, என்னையவிட வேகம் என்று பெருமையாகச் சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வந்து நம் வண்டியில் ஏறுகிறார்கள். பழைய பெட்டி, பழைய கைகாட்டி எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள். போன வாரம் துளசிராம் வீட்டு விசேசத்துக்காக சுதா ஞாயிற்றுக்கிழமையும் போனாள். ஒரு பையன் மிகவும் பணிவாக, அக்கா, ஜன்னல் மட்டும் வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறான். தள்ளி உட்கார்ந்தாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. கடைசி வண்டியைப் பற்றி கண்ணீர் மல்க ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். வேறு யாரையாவது எழுதச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அவளிடம் ரெண்டு வருசம் என்று சொல்லாதே. ரெஸ்ட் என்ற சொல்லையும் எடுக்காதே. அவள் ரெஸ்ட் கேட்கவில்லை. இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதே. அதற்கு அவளிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. உன் புது வாழ்க்கையில் இந்தக் கவலையை ஏற்றிவிடக்கூடாது என்று உன் அம்மா சொன்னாள். சொல்லாமல் மறைத்தால் அதுவும் மூன்றாம் பெட்டி மாதிரிதான் என்று எழுதிவிட்டேன். பகலில் எந்த நேரத்தில் கூப்பிட்டால் சுதாவோடு பேசலாம் என்று நேற்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. அவள் வீட்டில்தான் இருப்பாள்.

உன் அப்பா